ஏழாம் எண்வரை

தையற்காரம்மாவின் வீட்டுக்கும் ஓடைக்கும் இடையே முப்பத்தெட்டு அடி. அத்தனையும் தோட்டம்: தக்காளி, அவரை, வேலி நெடுக ரோஜா. துணியைப் போலவே பாத்தியையும் கயிறு பிடித்து அளந்துதான் வெட்டுவார். சுற்றிலும் மலை இருப்பதால் அங்கே பலத்த காற்று வருவதில்லை. தண்ணீர்தான் வரும்.

தோட்டத்தின் சரிவில், ஓடை நீர் ஏறுவதை அளக்க எண்கள் எழுதிய மரக்கம்பம் ஒன்று உண்டு. ஓர் எண்ணுக்கு அரை அடி. பொதுப்பணித்துறைக்காக இருபத்தொன்பது வருடங்களாகத் தினமும் காலை ஆறு மணிக்கு அதைப் பார்த்துக் குறித்து வந்தேன்.

ஒரு வருடம் வெள்ளம் வாசற்படி வரை வந்தது. தையற்காரம்மாவின் தம்பி தன்னோடு வரச் சொல்லி அவரை வற்புறுத்தினார். "தண்ணி ஏழைத் தொட்டா மூட்டையைக் கட்டிடறேன். அதுவரைக்கும் என்னை விடுடா" என்று அம்மா வாக்குக் கொடுத்தார். மழைக்காலத்தில் தம்பி தினமும் எனக்குப் போன் செய்து எண்ணைக் கேட்பார்.

அடுத்த ஆகஸ்ட் பன்னிரண்டு. மழை எழுபத்தொரு மில்லிமீட்டர். கம்பமோ ஐந்து காட்டியது. அத்தனை மழைக்கு அது எனக்குப் பொருந்தவில்லை. அளவு நாடாவைப் பிடித்தேன். மேட்டிலுள்ள வேலிக்கல்லிலிருந்து எட்டடியில் இருந்த கம்பம் ஆறடியில் நின்றது. சரிவில் அது ஓரடி உயரம், அதாவது இரண்டு எண்.

"கம்பம் நடந்து வந்திருக்கேம்மா" என்றேன்.

"நம்ம தோட்டத்துல எல்லாமே வளரும் அண்ணா. அதுக்குக் கால் வளர்ந்திருக்கு."

நான் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த அவரைக்காய்களைக் கூடையில் போட்டார்.

"போன மாசம், ஓடை வத்தியிருந்தப்போ மாத்தி நட்டேன். அவன் வீட்டு பால்கனியில நாலு தொட்டி வைக்கலாமாம். நாலு தொட்டி! கம்பத்துல இருக்கறதைத்தானே நீங்க எழுதணும்? அஞ்சுன்னு எழுதுங்க. அது பொய் இல்லையே."

அதற்குள் போன் அடித்தது.

"ஐயா, இன்னிக்கு எவ்வளவு?"

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏழு" என்றேன்.

மதியம் தம்பி வேனோடு வந்தார். தையல் இயந்திரம் முதலில் ஏறியது. கதவைப் பூட்டியபின் அம்மா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "தக்காளிக்கு நீங்க தண்ணி ஊத்த வேண்டாம். ஓடை பார்த்துக்கும்."

மறுநாள், இரண்டைக் கூட்டிய கணக்கில், நீர் ஆறாம் எண்ணுக்கு இறங்கியது. நான்காம் நாள் மூன்று. ஒரு பாத்தியும் பாதி அவரைப் பந்தலும் போயின. வாசற்படி நனையவில்லை.

தம்பி வீட்டில் அம்மா ஆறு வருடம் இருந்தார். மூன்று முறை பார்க்கப் போனேன். மூன்று முறையும் தூங்குகிறார் என்றார்கள். உள்ளே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.