நாலாவது ஸ்டேஷனில் ஓர் அறை

தாம்பரத்தில் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு மீனம்பாக்கத்தில் போய் ஓட்டலில் தங்கியவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. எனக்குத் தெரிந்து நானும் என் கணவரும்தான். அதுவும் சாதாரண லாட்ஜ் இல்லை. தலைப்பாகை கட்டிய ஒருவர் வாசலில் நின்று கதவைத் திறந்துவிடும் ஓட்டல். ஏசி, வெந்நீர், காலைச் சாப்பாடு, எதிர்ச்சாரியில் இருக்கும் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட ஒரு வேன், எல்லாம் வாடகையிலேயே அடக்கம். அந்த வாடகை என் டீச்சர் சம்பளத்தில் பாதியை விழுங்கியது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கணவருக்கு மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருட ஒப்பந்தம், நடுவில் லீவு கிடையாது. செவ்வாய்க்கிழமை காலை விமானத்துக்கு டிக்கெட்டையும் அவர்களே அனுப்பிவிட்டார்கள்.

தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் எங்கள் வீடு ஒரு ஹால், ஓர் அறை, ஒரு சமையலறை. அதில் மாமனார், மாமியார், நாங்கள் இருவர், நாலு வயது மகள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் நானும் அவரும் தனியாகப் பேசிக்கொண்டது பெரும்பாலும் கொல்லைப்புறத்தில், கிணற்று மோட்டார் ஓடும் நேரத்தில்தான். அந்தச் சத்தத்தில் நாங்கள் பேசுவது யார் காதிலும் விழாது. டேங்க் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தியாக வேண்டும், பேச்சும் நின்றுவிடும். டேங்க் சின்னது என்பதுதான் என் மணவாழ்க்கையில் எனக்கு இருந்த ஒரே பெரிய குறை.

அவர் கிளம்புவதற்கு முன்னால் ஒரு சாயங்காலமாவது மோட்டார் சத்தம் இல்லாமல் அவரோடு பேச வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. இதை வீட்டில் எந்த வாயால் கேட்பது? பீச்சுக்குப் போகிறோம் என்றால் மகள் வருவாள். மகள் வந்தால் அவளைத் தூக்கிக்கொள்ள மாமியார் வருவார். மாமியார் வந்தால் சுண்டலுக்குச் சில்லறை கொடுக்க மாமனார் வருவார். யார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. எல்லோரும் நல்லவர்கள், அதுதான் தொந்தரவு.

எனக்கு வழி காட்டியது மாமியார்தான். டிக்கெட் வந்த அன்று தேதிக் காலண்டரின் தாள்களைப் புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"செவ்வாய்க்கிழமை வடக்கே சூலமாச்சேடா! எப்படிடா கிளம்புவே?"

வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு திசையில் சூலம் நிற்கும், அன்றைக்கு அந்தத் திசையில் பயணம் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். செவ்வாயும் புதனும் வடக்கு. தாம்பரத்துக்கு விமான நிலையம் நேர் வடக்கு.

மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் இருக்கும் ஒரே தீர்வு எலக்ட்ரிக் டிரெயின். "அதே காலண்டர்ல பரிகாரம் பால்னும் போட்டிருக்கே, அது உன் கண்ணுல படலையா? ஒரு வாய் பாலைக் குடிச்சுட்டு ஏறினான்னா நாலாவது ஸ்டேஷன் திருசூலம். எதிர்லயே ஏர்போர்ட்."

"குரோம்பேட்டைக்குப் போறதுக்குப் பால் போதும். கடல் தாண்டிப் போற பிள்ளைக்கு ஒரு வாய் பாலா?" என்றார் மாமியார். "முதல் நாளே பல்லாவரத்துல என் தங்கச்சி வீட்டுல பரஸ்தானம் இருக்கட்டும்."

நாள் சரியில்லை என்றால், அதற்கு முந்தின நல்ல நாளிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பி வேறொரு இடத்தில் தங்கி, அங்கிருந்து பயணத்தைத் தொடர்வதற்குப் பரஸ்தானம் என்று பெயர். பாதிப் பயணம் நல்ல நாளில் ஆகிவிட்டதால் சூலத்தால் ஒன்றும் செய்ய முடியாது. பல்லாவரம் சித்தி வீட்டில் ஏழு பேர். அங்கே கிணற்று மோட்டார்கூடக் கிடையாது.

நான் பூகோள டீச்சர். மகளின் சிலேட்டை எடுத்து, தாம்பரத்திலிருந்து ஏர்போர்ட் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒரு கோடாகப் போட்டேன். கீழே தாம்பரம், மேலே பல்லாவரம், அதற்கும் மேலே மீனம்பாக்கம்.

"அத்தை, சித்தி வீட்டுலேர்ந்து ஏர்போர்ட் எந்தத் திசை?"

மாமியார் சிலேட்டைப் பார்த்தார். "வடக்குதான்."

"அப்போ செவ்வாய்க்கிழமை காலையில அங்கேர்ந்து கிளம்பினாலும் சூலத்து மேலதானே போகணும்?"

நான் கோட்டுக்குக் கிழக்கே, விமான நிலையத்துக்கு நேர் எதிரே ஒரு புள்ளி வைத்தேன். "இங்க ஒரு ஓட்டல் இருக்கு. இங்கேர்ந்து ஏர்போர்ட் மேற்கே. ரோட்டைத் தாண்டினா போதும். செவ்வாய்க்கிழமைக்கு மேற்குல ஒண்ணும் இல்ல."

பத்து வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு வகுப்பிலும் இவ்வளவு நன்றாக நடத்தியதில்லை.

வாடகையைச் சொன்னதும் மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஒரு ராத்திரி கண்ணை மூடறதுக்கா இவ்வளவு பணம்? தூக்கம் என்ன தங்கத்துலயா வருது?" நான் மழை வந்தால் ரோடு நிற்கும் என்றேன், பெட்டிகளோடு டிரெயினில் ஏற முடியாது என்றேன், காலைச் சாப்பாடும் வேனும் சேர்த்திதான் என்றேன். கணவர் கடைசியில், "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை மோட்டார் ஓடும்போது கேட்டார்: "என்ன, திடீர்னு சூலத்துல எல்லாம் நம்பிக்கை வந்துடுச்சு?"

"உங்களுக்கு வரலையா?"

"எனக்கும் வந்துடுச்சு."

அதற்குள் டேங்க் நிரம்பிவிட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆட்டோ பிடித்தோம். பெட்டிகளை ஏற்றிக்கொண்டே டிரைவர் எங்கே என்று கேட்டார். ஓட்டல் பெயரைச் சொன்னோம்.

"காலைல ஃபிளைட்டுக்கு இப்பவே ஓட்டலா? அதான் வூடு இங்கியே கீதே!" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டு என் கணவரைக் கேட்டார். "வூட்ல எதுனா பேஜாரா சார்?"

அறையைத் திறந்துவிட்ட பையன் விளக்கு, ஏசி, குழாய் எல்லாவற்றையும் காட்டிவிட்டுப் போனான். கதவு ஓசையில்லாமல் சாத்திக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு ஓரத்தில், பெண் பார்க்க வந்த இடத்தில் உட்காருவதுபோல் உட்கார்ந்தோம். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

முதலில் டிபன் கேரியர் உள்ளே வந்தது, பின்னால் மாமனார். "ஓட்டல்ல இட்லி என்ன விலைன்னு கேட்டியா? கீழே போர்டுல பார்த்தேன். அநியாயம்!" அவருக்குப் பின்னால் மகளைத் தூக்கிக்கொண்டு மாமியார், அப்புறம் பல்லாவரத்துச் சித்தி, சித்தப்பா. சித்தப்பாவின் தோளில் சுருட்டிய கோரைப்பாய் ஒன்று. தலைப்பாகைக்காரர் அவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டு சலாம் வைத்தாராம். சித்தப்பாவும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு வந்தாராம்.

வாடகைக்கு அவ்வளவு தகராறு செய்த மாமனாருக்கு, பணம் கொடுத்தாயிற்று என்றதும் அதில் ஒரு பைசா வீணாகக் கூடாது என்று ஆகிவிட்டது. தொட்டி நிறைய வெந்நீர் விட்டுக் குளித்தார். வெளியே வந்து சித்தப்பாவைக் குளிக்க அனுப்பினார். ஏசிக்கு நேராக நின்று துண்டை உலர்த்தினார். சோப்பு, சீப்பு எல்லாம் எடுத்துப் போகலாமா என்று கீழே ரிசப்ஷனுக்குப் போன் போட்டுக் கேட்டார். மகள் மெத்தையில் குதித்துக்கொண்டே இருந்தாள். சித்தி எலுமிச்சம் சாதத்தைப் பிரித்துப் பரிமாறினார். உண்மையைச் சொல்ல வேண்டும், நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் சித்தப்பா பாயை விரித்தார். "ரூம் பெரிசாத்தான் இருக்கு. நாங்களும் இங்கயே படுத்துக்கறோம். காலையில எல்லாருமா வழியனுப்பிட்டுப் போயிடலாம்."

"ஆமா, ஆள் கணக்கா வாங்கறான்? அறைக்குத்தானே வாடகை" என்றார் மாமனார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கைகழுவுவதுபோல் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். இரண்டு வருடம். கேட்டது ஒரு சாயங்காலம். அதுவும் எலுமிச்சம் சாதத்தோடு முடிந்துவிட்டது. அழுகை வந்தது, அழுதேன்.

தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று மாமியார் உள்ளே வந்தார். தொட்டியைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"கண்ணுல சோப்பா?"

"ஆமாம் அத்தை."

வெளியே போனதும் அவர் குரல் கேட்டது. "பாயைச் சுருட்டுங்க. பரஸ்தானம் வந்தவனோட பொண்டாட்டி மட்டும்தான் தங்கலாம். வேற யாரும் தங்கக் கூடாது."

"அப்படி ஒரு சாஸ்திரமா?" என்றார் மாமனார்.

"உங்களுக்கு எலக்ட்ரிக் டிரெயினைத் தவிர வேற என்ன தெரியும்? கிளம்புங்க."

மகள் அடம் பிடித்தாள். இரண்டு ஓட்டல் சோப்பும் ஒரு சீப்பும் கொடுத்து சமாதானம் செய்தார்கள். எட்டு மணிக்கெல்லாம் அறை காலியாகிவிட்டது. கோரைப்பாயின் வாசனை மட்டும் இருந்தது. இப்படி ஒரு சாஸ்திரத்தை எழுதிவைத்த புண்ணியவானை நான் மனதாரக் கும்பிட்டேன்.

அப்புறம் என்ன பேசினோம் என்றால், முதலில் ஒன்றும் பேசவில்லை. அவ்வளவு அமைதியில் எங்களுக்குப் பேசிப் பழக்கம் இல்லை. அவர் எழுந்து போய் ஏசியைக் கூட்டி வைத்தார். அது கடகடவென்று ஓட ஆரம்பித்தது. கிட்டத்தட்ட நம்ம வீட்டு மோட்டார் மாதிரி இருக்கு என்றேன். இருவரும் சிரித்தோம், பேச்சு வந்துவிட்டது.

"எனக்குப் போகப் பயமா இருக்கு" என்றார். திருப்பதியைத் தாண்டிப் போனதில்லை, இங்கிலீஷில் யாராவது கேட்டால் வாய் குழறும், வரைபடத்தில் தப்பு வந்து திருப்பி அனுப்பிவிட்டால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வீட்டில் எல்லோரும் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்த அந்த ஒரு மாதமும் இதை உள்ளே வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். டேங்க் நிரம்பும் நேரத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லை அது. திருப்பி அனுப்பினால் வந்துவிடுங்கள், நான் இருக்கிறேன் என்றேன். எனக்கும் பயமாக இருக்கிறது, நீங்கள் இல்லாமல் எனக்கு இருக்கத் தெரியாது என்றும் சொன்னேன். ஆறு வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

மறுநாள் காலை அவர் பயமில்லாமல் போனார் என்று சொல்லமாட்டேன். ஆனால் நன்றாகச் சாப்பிட்டார், வேனில் ஏறும்போது நிஜமாகச் சிரித்தார். நான் டிரெயின் பிடித்து முதல் பீரியடுக்கு ஸ்கூலுக்குப் போய்விட்டேன்.

அந்த வாடகை தகுமா என்று மாமனார் வெகுநாள் விவாதம் நடத்தினார். வெந்நீர் ஒரு பக்கம், இட்லி விலை ஒரு பக்கம் என்று தராசில் வைத்துப் பார்ப்பார். முள் ஒருநாளும் நேராக நின்றதில்லை. நான் அதில் வாயைக் கொடுப்பதில்லை. அந்த இரண்டு வருடத்தை நான் எதை வைத்து ஓட்டினேன் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து அவர் லீவில் வந்தார். ஒப்பந்தத்தை நீட்டியிருந்தார்கள். திரும்பிப் போகும் டிக்கெட் இந்த முறை வியாழக்கிழமை. வியாழன் தெற்கே சூலம். வடக்கே போவதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது, பரஸ்தானத்துக்கு வேலையே இல்லை. என் பூகோளம் இங்கே ஒன்றுக்கும் உதவாது என்று புரிந்து, வாயை மூடிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

மாமியார் காலண்டரைப் புரட்டினார். என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"வியாழக்கிழமை நாள் சரியில்ல. புதன்கிழமை சாயங்காலமே ரெண்டு பேரும் கிளம்பி, போன தடவை மாதிரி அந்த ஓட்டல்லயே தங்கிடுங்க."

மாமனார் பேப்பரைக் கீழே இறக்கினார். "ஏன்டி, புதன்கிழமைதானே வடக்கே சூலம்?"

"அதனால என்ன?" என்றார் மாமியார். "ஒரு வாய் பாலைக் குடிச்சுட்டுப் போகட்டும்."