குணம் அண்ணை ஏன் கண்ணை மூடினார்

குணம் அண்ணை மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி, போன வெள்ளிக்கிழமை காலை நான் பேக்கரியில் பாண் அடுக்கிக்கொண்டு நிற்கும்போது வந்தது. தட்டை வைத்துவிட்டு அழுதேன். பின்னேரம் அவருடைய அஞ்சலிப் பிரசுரம் கைபேசிக்கு வந்தது. "கண்மூடி இசையில் கரைந்த இறைபக்தர்" என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்ததும் அழுகை நின்று எரிச்சல் வந்துவிட்டது. இந்தப் பீலெஃபெல்ட் நகரில் அவரைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: அவர் கண்ணை மூடியது பக்தியால் இல்லை.

கிழமை நாட்களில் அவருக்கு ஒரு சமையலறையில் வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் கடைத்தெருவில் நின்று வயலின் வாசிப்பார். "ஏன் அண்ணை, வீட்டிலை வாசிச்சா ஆகாதோ?" என்று ஒருநாள் கேட்டேன். "கீழ்வீட்டுக்காரி கூட்டுற தும்புத்தடியாலை தன்ரை முகட்டிலை குத்துறா, பிள்ளை. ரோட்டிலை எண்டா அரை மணித்தியாலத்துக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்ல ஏலாது" என்றார்.

அந்த அரை மணித்தியாலம்தான் என் உயிரை வாங்கியது. தெருவில் வாசிப்பவர்கள் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இடம் மாறவேண்டும் என்பது இங்கே விதி. மற்றவர்கள் ஐந்து பத்து நிமிடம் இழுப்பார்கள். இவரோ, சனம் கூடி வாய் பிளந்து கேட்டுக்கொண்டு நிற்கும்போதே மணிக்கூட்டைப் பார்த்து, ராகத்தை நடுவில் வெட்டிவிட்டு வில்லைப் பெட்டிக்குள் வைப்பார். "இன்னும் ரெண்டு நிமிஷம் வாசிச்சா நகரசபை இடிஞ்சு விழுமோ?" என்று கத்தியிருக்கிறேன். "விதி எண்டா விதிதான், பிள்ளை" என்று சிரிப்பார். என் கடைக்கு வந்து சீனி போடாத கோப்பி குடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போவார்.

ஜேர்மன்காரர் நின்று கேட்டால் கண்ணைத் திறந்து, தலையாட்டி, சிரித்துத்தான் வாசிப்பார். இடைக்கிடை திடீரென்று கண் மூடும். "நித்திரையோ அண்ணை?" என்று பகிடியாகக் கேட்டேன். "இல்லைப் பிள்ளை. எங்கடை ஆக்கள் வந்தா மூடுறன். திறந்த பெட்டியோடை தெருவிலை நிக்கிற என்னைக் கண்டா அவைக்குக் கூச்சம். நான் பார்க்கேல்லை எண்டா ஆறுதலாக் கடந்து போவினம்." எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "பிச்சையோ எடுக்கிறியள்? அவை வெட்கப்படட்டுமன்!" என்றேன். அவர் கோப்பியை ஊதிக்கொண்டு நின்றார்.

அப்படிப் பேசிய நான் செய்ததையும் கேளுங்கள். என் மகளைப் பெண் பார்க்க டுசல்டோர்ஃபிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்களைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன். தூரத்தில் வயலின் கேட்டது. "அங்காலை நல்ல கடையள் இருக்கு" என்று சொல்லி அவர்களை எதிர்ப்பக்கம் திருப்பினேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். அண்ணையின் கண் மூடியிருந்தது. அப்பாடா, என்னைக் காணவில்லை என்று நம்பினேன், பாருங்கள்! எவ்வளவு விசரி நான்.

அடுத்த சனிக்கிழமை வழமைபோலக் கோப்பிக்கு வந்தார். "அந்த நீலக் கோட்டு உமக்கு நல்ல எடுப்பா இருந்தது, பிள்ளை" என்றார். குத்தல் இல்லை, உண்மையாகவே சொன்னார். மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்ற சொல் தொண்டைவரை வந்தது. பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். "சீனி போடட்டோ, அண்ணை?" என்று கேட்டேன். சீனி போடமாட்டார் என்பது எனக்கு எத்தனை வருடமாகத் தெரியும்! அன்று போடச் சொன்னார். முழுவதையும் குடித்துவிட்டுப் போனார்.

இறுதிக் கிரியைக்கு அந்த நீலக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போனேன். அந்தக் கோட்டும், சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல்லும்தான் அவர் நினைவாக எனக்கு மிச்சம். மண்டபம் நிறைந்த சனம். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நாங்கள் ஒவ்வொருவராகக் கிட்டப் போய் அவர் முகத்தைப் பார்த்தோம். அன்று ஒருவரும் எதிர்ப்பக்கம் போகவில்லை.