கீல் தெருவில் மூச்சுக்கு அளவெடுக்கிறார்கள்

நயாகராவுக்கு எந்த மாதம் போகலாம், ஆயிரம் தீவுகளில் எந்தப் படகு மலிவு என்று கேட்டு இந்த வலைப்பதிவுக்கு வருகிறவர்கள் கோபிக்க வேண்டாம். இந்தமுறை நான் போனது ரொறன்ரோவின் கிழக்கு மூலையிலிருந்து மேற்குப் பக்கத்துக்கு. இருபத்தெட்டு கிலோமீற்றர். நீர்வீழ்ச்சி இல்லை. படம் எடுப்பதற்கு ஒரு நாய் இருந்தது, அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனாலும் ஒரே இடத்துக்கு இரண்டு தரம் போகவேண்டி வந்தது. நீங்கள் ஒரு தரத்தோடு முடித்துக்கொள்ளவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இலங்கையில் போர் முடிந்த அடுத்த மாதம் அது. அந்த வசந்தம் முழுக்கப் போரை நிறுத்தச் சொல்லி இங்கே தெருவில் நின்று கத்தி எங்களுக்குத் தொண்டை போயிருந்தது. பிறகு கத்துவதற்கும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடத்தில் ஒருவரோடு ஒருவர் கதைப்பதே குறைந்துவிட்டது. ஊர் விடுப்பும் வம்பும் கதைத்தே உடம்பு வளர்த்த எனக்கு அது எவ்வளவு பெரிய பஞ்சம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே கட்டடத்தில், எனக்கு இரண்டு மாடி கீழே, மலர் அக்காவும் அத்தானும் இருக்கிறார்கள். அத்தானுக்குக் குடலில் புற்றுநோய். மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து சாப்பாடு வயிற்றில் நிற்பதில்லை. பிட்டை வைத்தால் கொஞ்ச நேரம் தட்டைப் பார்ப்பார், பிறகு தொலைக்காட்சியைப் பார்ப்பார். அவருடைய தம்பி குடும்பம் கடைசிவரை வன்னிக்குள் நின்றது. அவர்களைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. மனிதர் சாப்பிடாதது மருந்தாலா மனதாலா என்று அக்காவுக்கும் விளங்கவில்லை, வைத்தியருக்கும் விளங்கவில்லை. வைத்தியருக்கு விளங்கியது நிறை இறங்கிக்கொண்டே போகிறது என்பது மட்டும்தான். இன்னும் இறங்கினால் மருந்து ஏற்றுவதை நிறுத்தவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அதனால்தான் கஞ்சா. பதறாதீர்கள். இங்கே நோயாளிகளுக்கு வைத்தியர் கையெழுத்தோடு அரசாங்கமே அனுமதி கொடுக்கிறது. குமட்டலை அடக்கிப் பசியைத் தூண்டும் என்கிறார்கள். ஆனால் அத்தான் முப்பது வருடம் சிகரெட் ஊதியவர். நெஞ்சு பழுது. புகை கூடவே கூடாது என்றார் வைத்தியர். இலையை எரிக்காமல் சூடாக்கி, அதிலிருந்து வரும் ஆவியை மட்டும் இழுக்கிற வேப்பரைசர் வேண்டுமாம். கடையில் பார்த்தேன். மேசையில் வைக்கிறது ரைஸ் குக்கர் அளவு இருந்தது. கையில் கொண்டுபோகிற மலிவானதைச் சூடாக்கினால் பிளாஸ்டிக் மணந்தது. கடைசியில் ஆஸ்பத்திரித் தாதி ஒருவர்தான், மேற்கே ஒரு பட்டறையில் மரத்தில் கையாலே செய்கிறார்கள், சின்னச் சின்னத் தொகுதியாக, என்று சொன்னார்.

அவர்களுடைய இணையப் பக்கத்தில் ஒரு படமும் ஒரு வரியும் இருந்தன. படத்தில் உள்ளங்கை அளவில் ஒரு மரப்பெட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு கண்ணாடிக் குழாய். வரி: "அடுத்த தொகுதி எப்போது என்று கேட்காதீர்கள்." கேட்டேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது. ஒரு தொகுதிக்கு இருபது பெட்டிதான், எல்லாம் போய்விட்டன, ஆனால் ஒருவர் வேண்டாம் என்றதில் ஒன்று மிச்சம். விலை நூற்று நாற்பது டொலர். பாவிக்கிறவர் நேரில் வரவேண்டும்.

இதிலேதான் சிக்கல். அத்தான் கோயில் சபையில் இருக்கிறவர். அவர் கஞ்சா இழுக்கிறார் என்று ஒரு காதில் விழுந்தால் போதும், அது எங்கள் ஸ்காபரோவைச் சுற்றிவிட்டு அன்று பின்னேரமே வடக்கே ஸ்ரௌவ்வில் ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

"நீ போ," என்றாள் அக்கா. "உனக்கெண்டு சொல்லி எடு."

"அக்கா, எனக்கொரு மரியாதை இல்லையோ?"

"உன்னைப் பற்றி ஆர் புதுசா என்ன கதைக்கப் போகினம்? எல்லாம் எப்பவோ கதைச்சு முடிஞ்சுது."

நியாயமான பேச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் புறப்பட்டேன். மோர்னிங்சைட்டிலிருந்து கென்னடி நிலையத்துக்கு பஸ், இருபத்தைந்து நிமிடம். அங்கேயிருந்து சுரங்க ரயிலில் மேற்கே கீல் நிலையம், நாற்பத்திரண்டு நிமிடம். காசாகக் கொடுத்தால் இரண்டு டொலர் எழுபத்தைந்து சதம். பஸ்ஸிலேயே ட்ரான்ஸ்ஃபர் துண்டை வாங்கிக்கொள்ளுங்கள். கீலில் இறங்கி வடக்கே இருபது நிமிட நடை. என் நடையில் முப்பது. பழைய தொழிற்சாலைக் கட்டடம், பின்னே ஓடுகிற ஒடுக்கமான ஒழுங்கைப் பக்கம் கதவு. மணி வேலை செய்யாது, தட்டவேண்டும்.

கதவைத் திறந்தவர் மார்த்தா. அறுபது வயது இருக்கும், மூக்கெல்லாம் மரத்தூள். முன்னாளில் புல்லாங்குழல், கிளாரினெட் திருத்துகிறவராம். அதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். இரண்டாவது நிமிடத்தில் தன் முன்னாள் கணவரைப் பற்றியும் சொல்லிவிட்டார். எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. பட்டறை எனது சமையலறையைவிட மோசம். மேப்பிள் கட்டைகள், வால்நட் கட்டைகள், மின்கலங்கள், நேற்றைய பீட்சா, அதற்குக் காவலாக அந்த நாய்.

பெட்டிக்குள் ஒரு சின்னக் கம்பி வலை. மின்கலத்தை அழுத்தினால் வலை சூடாகும், மேலேயிருக்கும் இலை சூடாகும், குழாயால் இழுக்கவேண்டும். எல்லாம் முன்கூட்டியே செய்து எண்ணெய் பூசி வைத்திருக்கிறார். காற்று வருகிற துளையை மட்டும் போடுவதில்லை. வாங்குகிறவரின் மூச்சைப் பார்த்துத்தான் துளைக்கிறார்.

"பலமாக இழுக்கிறவருக்குப் பெரிய துளை போட்டால் குளிர்காற்று அடித்துக்கொண்டு வரும், ஆவி வராது," என்றார் ஆங்கிலத்தில். "மெதுவாக இழுக்கிறவருக்குச் சின்னத் துளை போட்டால் காற்றுப் போதாமல் இலை கருகிவிடும். யாருக்கு இது?"

"எனக்குத்தான்."

நிமிர்ந்த ஒரு கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே பிங்பொங் பந்து. "வழக்கமாக எப்படி மூச்சு எடுப்பீர்களோ அப்படி இழுங்கள்."

வழக்கமாக எடுத்திருக்கலாம். ஆனால் ஒரு பெண் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஐம்பத்தொரு வயது ஆண்பிள்ளை வழக்கமாக மூச்சு எடுப்பானா? வயிற்றை எக்கி இழுத்தேன். பந்து உச்சியில் போய் முட்டியது. நாய்கூட எழுந்து பார்த்தது. "அடேயப்பா" என்ற பொருளில் மார்த்தா ஏதோ சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊசி போன்ற ஒரு துளையைப் போட்டு, காய்ந்த புதினாவை வைத்துச் சோதித்து, துணிப்பையில் கட்டித் தந்தார்.

வீட்டில் அக்கா யன்னலைத் திறந்து, சாம்பிராணி கொளுத்தி, வாசல் கதவின் கீழே துவாயைச் செருகினாள். அத்தான் குழாயை வாயில் வைத்து இழுத்தார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை. கருகல் மணம் வந்தது, பிறகு இருமல். அப்படி ஓர் இருமலை நான் கேட்டதில்லை. அக்கா முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் சாம்பிராணித் தட்டைப் பார்த்தேன்.

"எனக்கு உது சரிவராது," என்றார் அத்தான். பெட்டியைத் துடைத்து மேசையில் வைத்தார். "விடுங்கோ இனி. எல்லாரும் களைச்சுப் போனம்."

அன்று இரவும் அவர் தேநீரோடு படுத்துவிட்டார். அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் நிறை பார்க்கும் நாள்.

காலையில் மார்த்தாவைத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னேன். நீண்ட நேரம் சிரித்தார். "அப்படியானால் அந்தப் பெட்டியில் இருப்பது உங்களுடைய வீரம்," என்றார். "சின்னத் துளையைப் பெருப்பிக்கலாம். ஆனால் ஆளைக் கொண்டுவாருங்கள்."

அத்தானால் பஸ் ஏற முடியாது. என் காரோ பிரேக் இல்லாமல் கராஜில் கிடக்கிறது. ரக்சிதான். "தமிழ் ஆள் வேண்டாமெண்டு சொல்லிக் கூப்பிடு," என்றாள் அக்கா. இதை ஒரு ரக்சிக் கம்பனிக்கு எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. வந்து நின்ற காரின் கண்ணாடியில் பிள்ளையார் தொங்கினார்.

"எங்கை அண்ணை போறியள்?" சாரதியின் பெயர் சிறி. நாற்பது வயது வரும். போகவும் வரவும், இடையில் நிற்கவும் சேர்த்து நூறு டொலர் என்று பேசினோம். நெடுஞ்சாலையில் ஏறியதும் கண்ணாடியில் அத்தானை உற்றுப் பார்த்தார். "ஐயாவைக் கோயிலிலை கண்டிருக்கிறன் என்ன?"

"கண்டிருப்பீர், கண்டிருப்பீர்," என்றேன். "இப்ப ஒரு மரவேலை செய்யிற மனிசியிட்டைப் போறம். சாமிப்படம் வைக்கச் சாமித்தட்டு ஒண்டு செய்விக்க."

"சாமித்தட்டோ? அதுக்கு ஏன் அண்ணை இவ்வளவு தூரம்? கிட்ட, மார்க்கம் ரவுணிலை என்ரை மச்சான் செய்யிறான். நம்பர் தரட்டோ?"

"உது விசேஷமான தட்டு. தேக்கு."

"அவனும் தேக்குத்தான்."

பின்சீற்றில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அத்தான் வாயைத் திறந்தார். "தம்பி, எனக்குப் புற்றுநோய். சாப்பிட ஏலாது. கஞ்சா இழுக்கிற பெட்டி ஒண்டைத் திருத்தப் போறன்."

எனக்குக் காரிலிருந்து குதிக்கவேண்டும் போலிருந்தது. வேகம் மணிக்கு நூறு கிலோமீற்றர் என்பதால் குதிக்கவில்லை. "அத்தான்!" என்றேன்.

"என்னடா அத்தான்? பொய் சொல்லவும் ஒரு தென்பு வேணும். எனக்கு இல்லை."

சிறி ரேடியோவைக் குறைத்தார்.

"ஐயா, குறை நினைக்கக்கூடாது. ஒண்டு கேக்கட்டோ?"

"கேளும்."

"உது முழங்கால் நோவுக்கும் கேக்குமோ? என்ரை மாமியார் படுத்திற பாடு..."

அத்தானின் தோள் குலுங்கியது. இருமுகிறார் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். சிரித்திருக்கிறார்.

மார்த்தாவின் குழாயில் அத்தான் இழுத்தபோது பந்து ஒரு விரல் அளவு எழும்பி விழுந்தது. மார்த்தா அவசரப்படுத்தவில்லை. பகிடியும் விடவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "எனக்கு நேரம் இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். நான்கு முறை மூச்சைப் பார்த்தார். துளையைப் பெருப்பித்துப் புதினாவை வைத்துக் கொடுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பெருப்பித்தார். சிறியும் உள்ளே வந்து நாயைத் தடவிக்கொண்டு நின்றார். அந்த நாய் அவரிடம் மட்டும் வாலாட்டியது. மூன்றாம் முறை அத்தான் குழாயை எடுத்துவிட்டு உதட்டை நக்கிப் பார்த்தார்.

"வருது," என்றார்.

புதினாதான். ஆனாலும் நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

பின் ஒழுங்கையில் உட்கார ஒரு மர வாங்கு உண்டு. அனுமதி அட்டையும் கஞ்சாப் பொட்டலமும் அத்தானின் சட்டைப்பையில் இருந்தன. அங்கேயே உட்கார்ந்து இரண்டு முறை இழுத்தார். இருமவில்லை. வெயிலில் கால்களை நீட்டிக்கொண்டு, எதிரே இருந்த செங்கல் சுவரை நெடுநேரம் பார்த்தார்.

"அவன் சாப்பிட்டிருப்பானோ?" என்றார். தம்பியைத்தான். சிறி நிலத்தைப் பார்த்தார். நான் பெட்டியின் மின்கலத்தைக் கழற்றி மறுபடி போட்டேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். மின்னஞ்சலில் யாருக்கு என்று உண்மையை எழுதுங்கள். காத்திருக்கவேண்டி வரும், ஆனால் பதில் வரும். வங்கி அட்டை வாங்குவதில்லை, காசாகக் கொண்டுபோங்கள். மின்கலம் இரண்டு சோடி கேளுங்கள், ஒன்று எப்போதும் செத்திருக்கும். வைத்தியரின் அனுமதி இல்லாமல் இந்தப் பக்கம் போகவேண்டாம். பாவிக்கிறவரையே கூட்டிப்போங்கள். இன்னொருவரின் மூச்சை நீங்கள் போய் இழுத்துக் காட்ட முடியாது. எங்கள் சனம் மானத்துக்குப் பயந்து என்னவெல்லாமோ மாற்றிச் சொல்லிச் சமாளிக்கும். நானும் அதில் கெட்டிக்காரன்தான். அந்த ஒரு துளையிடம் மட்டும் அது பலிக்கவில்லை.

கடைசிக் குறிப்பு: திரும்பும்போது நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். நாங்களும் போகவில்லை. மார்க்கம் வீதியில் ஏறும்போது அத்தான், "தம்பி, உதிலை ஒருக்கா நிப்பாட்டும்," என்றார். தமிழ் பிளாசா. கோயில்காரர், வங்கிக்காரர், எனக்குக் காசு தரவேண்டியவர், எல்லோரும் நடமாடுகிற இடம். அதைப்பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் இறங்கி மூன்று மீன் ரோல்ஸ் வாங்கிவந்தேன். சிறி தன்னுடையதை இரண்டு கடியில் முடித்தார். அத்தான் காரின் கதவைத் திறந்துவைத்து, காலை வெளியே போட்டுக்கொண்டு, ஓரத்தைக் கடித்தார். மென்றார். விழுங்கினார். நாங்கள் இருவரும் பார்க்காததுபோலப் பார்த்தோம். ஒரு நிமிடம் பொறுத்தார். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி கடித்தார்.

பாதிக்கு வந்ததும் நிறுத்தினார். மிச்சத்தை எறியக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. எண்ணெய்க் கடதாசியை நான்காக மடித்துச் சுற்றி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பிறகு சாப்பிடுவன்," என்றார்.