அன்னைக்கு வண்டிக்கு என்ன கோளாறு

எங்க வீட்டு மனுசன் தென்காசியில மோட்டார் சைக்கிள் வச்சிருந்தாக. சின்ன வண்டிதான், ஆரியங்காவுப் பக்கம் தேயிலைத் தோட்டத்துத் துரை ஓட்டிச் சலிச்சு வித்த பழசு. அதைத் தெனமும் துடைக்கது என் வேலை. எங்க எண்ணெய் கசியும், எந்தக் கம்பி தளர்ந்திருக்கும்னு ஓட்டுதவுகளைவிட எனக்கு நல்லாத் தெரியும்.

ஒரு ஆனி மாசம், வாசுதேவநல்லூர்ல எங்கம்மாவுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்குன்னு ஆள் வந்துது. பஸ் காலையிலயே போயிட்டுது. புருசன் வண்டியில பின்னால உக்காந்து போற பொம்பளை அப்ப ஊருல யாரும் கெடையாது. நான் உக்காந்திருப்பேன், பேசுதவ பேசட்டும். அவுக என்னடான்னா, வண்டி கிளம்பவே மாட்டேங்குது, நீ மாட்டு வண்டியில போன்னுட்டாக. நான் போய்ச் சேருததுக்குள்ள அம்மா கண்ணை மூடிட்டா. கடைசி மூச்சு வரைக்கும் என்னைத்தான் கேட்டாளாம்.

பதினாறு கழிச்சு வந்து வண்டியைத் துடைச்சா, கேரியர்ல சுருட்டிச் செருகின துண்டு ஈரத்தோட கெடந்து பூசணம் பிடிச்சிருக்கு. உதறினா அருவிக்கரையில தேய்ச்சுவிடுத தைலத்து வாசம். பாவி மனுசன், என்னை மாட்டு வண்டியில ஏத்திவிட்ட கையோட கூட்டாளிகளோட குத்தாலத்துக்குக் குளிக்கப் போயிருக்காக!

எங்கண்ணனோ, வண்டி சதி பண்ணினா மாப்பிள்ளை என்ன செய்வாருன்னு அவுகளுக்கே ஆறுதல் சொன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு எரிஞ்சுது. துண்டைக் காட்டினா யாரு நம்புவா? அவுக வாயாலயே வரணும்னு இருந்தேன்.

மூணு வருசம் கழிச்சுப் பெரிய வண்டி மேல ஆசை வந்து, இதை விக்கப் பாத்தாக. பாக்க வந்த ரெண்டு பேரும் கடைசியில ஒரே கேள்வியைத்தான் கேட்டாக: என்னைக்காவது கிளம்பாம மக்கர் பண்ணியிருக்கா? ஒருநாளும் இல்லைன்னு இவுக நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொல்லுதாக. உள்ள நின்னு கேட்டேன். அடுத்த ஆள் வார அன்னைக்கு அண்ணனையும் வரவழைச்சேன்.

வந்தவரு செங்கோட்டை மர வியாபாரி, விவரமான ஆளு. முதல்ல இன்ஜின் மேல கையை வச்சுப் பாத்தாரு. வாரதுக்கு முன்னாலயே ஓட்டிச் சூடாக்கி வச்சிருந்தா ஏமாத்துன்னு அர்த்தம். ஆறின வண்டி கிளம்புததுலதான் அதோட லட்சணம் தெரியுமாம். சில்லுன்னுதான் இருந்துது. டாங்க் மூடியைக் கழத்தித் துரு பாத்தாரு. ஒரே உதையில கிளம்பிச்சு. புகையோட நெறத்தைப் பாத்தாரு. சொன்ன விலைக்கே சரின்னுட்டு அந்தக் கேள்வியைக் கேட்டாரு. இவுகளும் ஒருநாளும் இல்லைன்னாக.

நான் கதவைத் தாண்டி வெளிய வந்தேன்.

"அண்ணாச்சி, எங்கம்மா செத்த அன்னைக்கு இந்த வண்டி கிளம்பல. அவுககிட்டயே கேளுங்க."

அப்படின்னா உள்ள பெரிய கோளாறு இருக்கும், பாதி விலைகூடப் பெறாதுன்னு வியாபாரி கையைக் கட்டிக்கிட்டாரு. இவுக முகம் செத்துப்போச்சு. என்னைப் பாத்தாக, அண்ணனைப் பாத்தாக, வண்டியைப் பாத்தாக. எதை விட்டுக்குடுப்பாகன்னு எனக்குத் தெரியும்.

"அன்னைக்கு வண்டிக்கு ஒண்ணுமே இல்ல," ன்னாக. "நான்தான் ஐந்தருவிக்குப் போயிருந்தேன்."

வண்டி முழு விலைக்குப் போச்சு. அண்ணன் பாதி குடிச்ச காப்பியைக் கீழ வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. ஏட்டி, என் மானத்தை வாங்கிட்டியேன்னு இவுக குதிச்சாக. வண்டி மானத்தைக் காப்பாத்திட்டீகல்லா, அது போதும்னேன்.

பெறகு எங்க மக கல்யாணம் வந்துது. அண்ணன் வந்து தாய்மாமன் சீரெல்லாம் ஒண்ணு கொறையாமச் செஞ்சாரு. இவுக முகத்தை மட்டும் ஏறிட்டுப் பாக்கல. எல்லாம் முடிஞ்சு இவுக ரெண்டு கையாலயும் வெத்தலைத் தட்டை நீட்டினாக. அண்ணன் வாங்கல, பொண்ணைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டாரு. சபையே பாத்துக்கிட்டிருக்கு, இவுக தட்டை நீட்டினபடியே நிக்காக. நீயாவது போய் வாங்கி வையேன்னு பக்கத்துல நின்னவ என் காதுல சொன்னா. நான் நகரல. இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.