ரெகுலேட்டருக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜை என்றால் என் கணவருக்குக் கை நிற்காது. மிக்ஸி, கிரைண்டர், ஸ்கூட்டர், இஸ்திரிப்பெட்டி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பார். போன வருஷம் கேஸ் ரெகுலேட்டருக்கும் வைத்தார், தாராளமாக.

இரண்டு நாள் கழித்து எனக்கு முதல் பெரிய ஆர்டர். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் யாரோ ரிட்டயர் ஆகிறார். சாயங்காலத்துக்கு நூறு மெதுவடை. நன்றாக அமைந்தால் அந்த ஆபீஸ் டிபன் முழுக்க எனக்குத்தான். ஜன்னலில் தெரிகிற எங்கள் ஊர்ச் சாமி மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மாவை ஆட்டி, எண்ணெய்ச் சட்டியை வைத்தேன். தீ அகல் விளக்கு மாதிரி எரிந்தது. முதல் வடை எண்ணெயைக் குடித்துவிட்டு அடியிலேயே உட்கார்ந்துகொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கேஸ் கம்மியா இருக்கும்" என்று அவர் சிலிண்டரைத் தூக்கி ஆட்டினார்.

"போன வாரம் வந்த சிலிண்டருங்க அது!"

பர்னரைத் தேய்த்தார். கேஸ் ஏஜென்சியைத் திட்டினார். மாவு நீர்த்துக்கொண்டே போனது. பொறுக்காமல் கீழ்வீட்டு பாய் வீட்டு அக்காவிடம் ஓடி ரெகுலேட்டரை இரவல் கேட்டேன்.

"எடுத்துக்கோம்மா, எனக்கு சமையல் முடிஞ்சிடுச்சி" என்று கழற்றிக் கொடுத்தவர், வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்.

மாட்டியதும் தீ நீலமாகச் சீறியது. எங்கள் ரெகுலேட்டரை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அக்காவுடையதில் மேல்மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. எங்களுடையதில் அதே இடத்தில் சந்தனம் காய்ந்து இறுகி, நடுவில் குங்குமம். 'அது மூச்சு விடற ஓட்டை, அடைச்சிட்டா கேஸ் ஒழுங்கா வராது' என்று கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இன்னாங்க இது, மூக்குலயா பொட்டு வெப்பாங்க!"

"எங்க வீட்ல பொட்டு வெக்கறதில்ல, அதான் என்னுது தப்பிச்சிச்சி" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

வடை போய்ச் சேர்ந்தது, அடுத்த ஆர்டரும் வந்தது. எல்லாம் பூஜை செய்த பலன் என்று இவர் தெரு முழுக்கச் சொன்னதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுரண்டியும் ஓட்டை திறக்காததால், மறுநாள் ஏஜென்சியில் புது ரெகுலேட்டர் வாங்கி மாட்டினோம். திரும்பினால், சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறார்.

"புதுசாச்சே... லேசா ஒண்ணே ஒண்ணு."

"அதத் தொட்டீங்கன்னா தெரியும்! வட சுட்டது நானு. வெக்கறதுன்னா இங்க வைங்க" என்று நெற்றியைக் காட்டினேன்.

இத்தனை வருஷப் பூஜையில் அவருக்கு அது தோன்றியதே இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டே நெற்றி கொள்ளாமல் அப்பினார். நல்லவேளை, நான் மூச்சு விடுவது மூக்கால்.