சுவாதி நட்சத்திரத்தில் பிறந்த கழகம்

பிரெஞ்சு பேசும் லாசால் பகுதியில், குழந்தைகளைப் பகலில் விட்டுச் செல்லும் ஒரு கார்டெரியின் சமையலறையில் எனக்கு வேலை. என்னோடு கூட வேலை செய்பவள் ஒரு பிரேசில்காரி. இருவருக்கும் அரைகுறைப் பிரெஞ்சுதான். அதிலேயே அவள் தன் சிறு நகரத்து உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாற்றை எனக்குச் சொல்லி முடித்தாள். ஒரு பனிக்காலம் முழுக்க எடுத்தது.

ரயில் பட்டறைத் தொழிலாளர்கள் தொடங்கிய கழகமாம். முதல் சட்டைகளை மாவுச் சாக்கில் தைத்தார்களாம். பிறகொரு மழைக்காலம் ஆறு பெருகி, கோல் கம்பங்களை இழுத்துக்கொண்டு போக, சில காலம் கழகமே இல்லாமற் போயிற்று. அவளுடைய அப்பாவும் கூட்டாளிகளும்தான் சேற்றை வழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினார்கள். சூப் கொதித்து ஜன்னல் கண்ணாடியில் ஆவி படியும்போது, வெளியே பனி கொட்டினாலும் எனக்கு அந்தச் செம்மண் மைதானம் தெரியும். அவள் சொல்லாத மரங்களைக்கூட நான் அங்கே நட்டுவிட்டேன். வாழ்க்கையில் ஒரு பந்தை உதைத்தவள் இல்லை நான். என்ன பைத்தியமோ.

இந்த வருடம் கழகம் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. கடைசி ஆட்டத்திலும் தோற்றால் கழகத்தை மூடிவிட்டு, மைதானத்தில் கடைத்தொகுதி கட்டுவார்களாம். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஆட்கள் இப்படியான நேரத்தில் என்ன செய்வார்களோ அதையே செய்தேன். கழகத்தின் பேரில் அர்ச்சனை! திரும்பத் தொடங்கிய நாளை அவளிடம் கேட்டு, பஞ்சாங்கம் பார்த்து நட்சத்திரமும் பிடித்துவிட்டேன்.

"பிரேசிலுக்கு யாழ்ப்பாணப் பஞ்சாங்கமோ? அங்கத்தைய நேரம் வேறையெல்லோ," என்று கணவர் சிரித்தார்.

"பிள்ளையாருக்கு விளங்கும். நீங்கள் காரை எடுங்கோ."

கோயிலில் கழகத்தின் பெயரைச் சொன்னதும் ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "வெள்ளைக்கார மருமகனோ?"

"ஓம் ஐயா. சுவாதி நட்சத்திரம்."

அந்த நீண்ட பெயரை அவர் மந்திரத்துக்குள் நுழைத்து உருட்டிச் சொன்னபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

அன்று பின்னேரம் அவள் வீட்டில் இருந்தேன். மேசையில் கைபேசி. அதற்குள் வர்ணனையாளர் மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருந்தார். அவள் நெற்றியில் நான் பூசிய திருநீறு. ஒரு சொல்லும் விளங்காமல், அறைச் சூட்டில் கண் செருக, நான் அந்த மைதானத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். வெயில் முதுகில் பட்டது. பந்து என் பக்கமாக உருண்டு வந்தது.

கண் திறந்தபோது வர்ணனை நின்றிருந்தது. தோற்றுவிட்டார்கள் என்றாள்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டி ஆறுதல் சொன்னேன். வெள்ளம் கொண்டுபோனதையே திரும்பத் தொடங்கினார்கள்தானே, இதையும் தொடங்குவார்கள் என்றேன்.

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, யார் தொடங்குவது என்று கேட்டாள். "அண்ணன் போர்த்துக்கலில், தங்கை ஜப்பானில், நான் இங்கே. ஊரில் யார் இருக்கிறார்கள்?"

எங்கள் ஊர் நினைவு வந்து, நான் அழத் தொடங்கினேன். கடைசியில் அவள்தான் என் முதுகைத் தடவித் தேற்றவேண்டி வந்தது.