தாய் இல்லாத பெட்டியில் ஒரு கைப்பிடி

1. பிரச்சினை

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், பயப்பட வேண்டிய எலிக்குட்டிகள் பயப்படவில்லை.

சிதம்பரத்தில் ஓர் ஆய்வகத்தில் நான் புராஜெக்ட் அசிஸ்டென்ட். குட்டியைப் புது உமி பரப்பிய பெட்டியில் ஐந்து நிமிடம் விட வேண்டும். ஏ பெட்டியில் கம்பிவலைக்கு அப்பால் தாய் எலி இருக்கும். பி பெட்டியில் இருக்காது. தாய் இருந்தால் குட்டி சுற்றிப் பார்க்கும். இல்லாவிட்டால் மூலையில் ஒடுங்கும். ஆனால் பி குட்டிகளும் ஊர் சுற்றின. ஒன்று நடுவில் உட்கார்ந்து நிதானமாக முகம் கழுவியது.

"என்னம்மா இது, திருவிழாவுக்கு வந்த மாதிரி திரியுதுங்க?" என்றார் ஆய்வை நடத்தும் கைடு. "வெள்ளிக்கிழமை புதுக் குட்டிங்கள வச்சுப் பாரு. அப்பவும் இப்படின்னா புராஜெக்ட மூடிடுவாங்க. உனக்கு வேலை இல்ல, எனக்கு மரியாதை இல்ல."

2. நான் சரிபார்த்தவை

விளக்கு. ஃபேன் சத்தம். பினாயில் வாசனை. சுவரிலிருந்த பல்லி. என் தலையிலிருந்த மல்லிகை. மொத்தம் பதினொன்று. எல்லாம் சரி. பல்லியை மட்டும் வெளியேற்றினோம்.

3. வியாழக்கிழமை

நான் வரும் கடலூர் பஸ் அன்று சீக்கிரம் வந்துவிட்டது. எலிக்கூடத்தைக் கழுவும் அஞ்சலை அக்கா, தாய் எலியின் கூண்டிலிருந்து ஒரு கைப்பிடி உமி அள்ளி பி பெட்டியின் உமிக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"அம்மா இல்லாத பெட்டியாச்சே பாப்பா. பிச்சாவரத்துல நாங்க நண்டு புடிக்கப் போறப்ப, கட்டுன பொடவையிலதான் புள்ளயச் சுத்திப் போட்டுட்டுப் போவோம். வாசன இருந்தா அழுவாது."

"எத்தினி நாளா வைக்கிறீங்க?"

"மொத நாள்லேருந்துதான். படிச்சவுங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

4. வெள்ளிக்கிழமை

அக்கா வைத்த உமியைப் பற்றிக் கைடிடம் சொன்னேன். அவர், "சி பெட்டி ஒண்ணு போடும்மா. தாய் கிடையாது, உமி மட்டும்" என்றார்.

அன்று சி குட்டிகள் சுற்றின. வெறும் பெட்டியிலிருந்த பி குட்டிகள் மூலையில் ஒடுங்கி நடுங்கின. புராஜெக்ட் பிழைத்தது. நானும் கைடும் சிரித்துக் கைகொடுத்துக்கொண்டோம்.

"புள்ளைங்க நடுங்குது, இதுங்க சிரிக்குது" என்று சொல்லிவிட்டு, அக்கா குட்டிகளைத் தாயிடம் எடுத்துப் போனார்.

5. கற்றது

முடிவு தப்பாக வந்தால், கூடத்தைக் கழுவுபவரை முதலில் கேளுங்கள். என் பட்டியலில் பல்லி இருந்தது, அக்கா இல்லை.

அறிக்கைக்காக அக்காவை மூன்று முறை ஒரு கைப்பிடி உமி அள்ளச் சொல்லி எடை போட்டேன். மூன்று முறையும் ஒரே எடை. அடுத்து நான் அள்ளினேன். மூன்றும் வேறு வேறு.